ஆலைக்கொட்டகையில் கிடைத்த கதை

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஆண்டு பிறப்பது சென்னைப் புத்தகக் காட்சியோடுதான். 1977இல் அண்ணா சாலையில் இருக்கும் மதரஸா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் சிறிய அளவில் தொடங்கிய காட்சி, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பொங்கல் விடுமுறையை ஒட்டி நடக்கிறது. பதிப்பாளர்கள் ஆண்டு முழுவதும் போடும் கணக்கு பெரும்பாலும் அதை வைத்தே. ஜனவரியில் புத்தகம் வர வேண்டும் என்றால் ஆவணி, புரட்டாசிக்குள் கைப்பிரதி பதிப்பாளரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மெய்ப்பு பார்க்கும் வேலை. மார்கழி பிறந்ததும் அட்டைப்படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கிவிடும். யாருடைய நாவல், எத்தனை பக்கம், எந்த அரங்கு என்று பேச்சு முழுக்க அதுவாகவே இருக்கும்.

புத்தகம் வருகிறவர்களுக்கு அது திருவிழா. அந்த ஆண்டு கையில் எதுவும் இல்லாதவர்களுக்கு அதே மாதம் பெரும் பாரம். இரண்டு நிலையிலும் நான் இருந்திருக்கிறேன். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், சிறுகதை எழுதுகிறேன். இரண்டாவது தொகுப்பு வந்த பிறகு எழுத்து நின்றுபோனது. ஒரு கதையைத் தொடங்குவேன், இரண்டாவது பக்கத்தில் அது மூச்சு முட்டி நிற்கும். வேறொன்றைத் தொடங்குவேன், அதுவும் அப்படியே. எழுதத் தெரியும், எழுத நேரமும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் எழுதியே ஆக வேண்டும் என்ற உந்துதல் மட்டும் இல்லை. இதை அனுபவித்தவர்களுக்கு அதன் வேதனை தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம், சிரிக்கிறோம். உள்ளே ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது.

அப்படி ஒரு மார்கழியின் கடைசி வாரத்தில் எனக்கு எழுத்து எப்படித் திரும்பி வந்தது என்பதையும், அதிலிருந்து நான் இன்றுவரை கைவிடாமல் வைத்திருக்கும் சில பழக்கங்களையும் சொல்ல விரும்புகிறேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது பயன்படும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

முதலில் புத்தாண்டுத் தீர்மானங்களைப் பற்றி. தினம் இத்தனை சொல், மாதம் ஒரு கதை, ஆண்டு முடிவில் ஒரு நாவல் என்று எழுதி ஒட்டிக்கொள்வது சிலருக்கு உதவுகிறது. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் ஜனவரி எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டுத் தீர்மானம் எடுக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்கு அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தி முடியும்போதே விடுமுறை முடிந்துவிடும். பொங்கலுக்கு முன்னால் வீட்டை ஒழிக்க வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், பரணில் இருக்கும் பாத்திரங்களை இறக்கித் தேய்க்க வேண்டும். பொங்கல் முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வுகள், அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு, அதன் பின் பொதுத்தேர்வு. ஆண்டிலேயே மிகவும் நெருக்கடியான காலம் எங்களுக்குத் தையும் மாசியும்தான். அந்தக் காலத்தில் போய் தினம் ஆயிரம் சொல் என்று ஒரு பாரத்தை ஏற்றிக்கொண்டால் பொங்கலுக்குள் அது இறங்கிவிடும், கூடவே மனமும் இறங்கிவிடும். கணக்குப் பிள்ளைக்கு மார்ச், ஜவுளிக்கடைக்காரருக்கு ஐப்பசி, விவசாயிக்கு அறுவடை. ஒவ்வொருவருக்கும் நெருக்கடி மாதம் வேறு. அதைத் தெரிந்துகொண்டு அந்த மாதத்தில் சேகரிப்பது, பிறகு எழுதுவது என்று ஆண்டைப் பிரித்துக்கொள்வதே நடக்கக்கூடிய காரியம்.

சேகரிப்பது என்று நான் சொல்வது எதை என்பதற்கு அந்த மார்கழியைத்தான் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வாங்கக் கவுந்தப்பாடி பக்கம் போயிருந்தேன். பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போகும் ஊர் அது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சர்க்கரை மூட்டைகள் ஏலத்துக்கு வந்து அடுக்கியிருக்கும். என் பெரியப்பா மகனுக்கு அங்கே கரும்புக் காடு இருக்கிறது. அன்று அவர்களுடைய கரும்பு ஆலையில் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டு உடனே கிளம்பலாம் என்றுதான் போனேன். அண்ணன், "அடுத்த கொப்பரை இறங்கட்டும், சூடாக வாங்கிக்கொண்டு போ" என்றார். ஆலைக்கொட்டகையில் உட்கார்ந்தேன்.

சின்ன வயதிலிருந்து பார்த்த இடம்தான். ஆனால் வேலை ஒன்றும் இல்லாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்து முழுதாகப் பார்த்தது அன்றுதான். சாறு வடிகட்டி இரும்புக் கொப்பரையில் விழுகிறது. கொதி வரும்போது சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம் விடுகிறார்கள். அழுக்கெல்லாம் நுரையோடு மேலே திரண்டு வருகிறது. நீண்ட காம்பு வைத்த சல்லடைக் கரண்டியால் அதை வாரி வாரி வெளியே எடுக்கிறார்கள். பச்சையும் பழுப்புமாக இருந்த சாறு மெல்லப் பொன் நிறத்துக்கு வருகிறது. அடுப்பில் எரிவது விறகு இல்லை, பிழிந்து வெயிலில் காயவைத்த அதே கரும்பின் சக்கை. அந்தச் சக்கையை உதறிக் காயவைக்கும் வேலையில் பெண்கள் இருந்தார்கள். நேரம் ஆக ஆகக் கொப்பரையில் எழும் கொப்புளங்கள் மாறுகின்றன. முதலில் சலசலவென்று சின்னதாக, பிறகு கனத்து, மெதுவாக, பெரிதாக வெடிக்கின்றன. கொப்பரை பார்க்கும் பெரியவர் கொஞ்சம் பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார். கரைகிறது. மறுபடியும் கிண்டுகிறார். அடுத்த முறை அது விரலில் உருண்டு நிற்கிறது. அந்த நொடி தவறினால் பாகு முறுகிவிடும். நாலு பேர் ஓடி வந்து கொப்பரையைத் தூக்கி மரத் தொட்டியில் சாய்த்தார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அடுப்புக்குத் தீ போடுகிறவர் நின்ற இடத்திலிருந்து கொப்பரை தெரியாது. அடுப்பின் வாய் பின்பக்கம், தரையை விடத் தாழ்ந்த குழியில் இருக்கிறது. அவர் அங்கே குனிந்து சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். பாகு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மேலே இருந்து பெரியவர் "தள்ளு" என்றால் தள்ளுகிறார், "பொறு" என்றால் நிறுத்துகிறார். சில சமயம் குரல் வருவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். அவர் கையால் காதைத் தொட்டுக் காட்டினார். கொதிக்கும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம்.

இந்த இருவரும் பேச்சுவார்த்தை இல்லாத உறவினர்களாக இருந்தால்? பல ஆண்டுகளாக ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போகாதவர்களாக இருந்தால்? ஆலை ஓடும் மாதங்களில் மட்டும் "தள்ளு", "பொறு" என்ற இரண்டு சொற்களில் அவர்கள் உறவு நடந்துகொண்டிருந்தால்?

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீண்ட நாட்களாக வராத ஒன்று வந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. எழுத வேண்டும் என்ற ஆசையை எழுத்தைப் பற்றி யோசித்து வரவழைக்க நான் முயன்ற காலமெல்லாம் அது வரவில்லை. எழுதத் தகுந்த ஒன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் தானாக வந்தது. அன்றிலிருந்து என் நம்பிக்கை இதுதான். ஊக்கம் நம் மேசையில் இல்லை. நாம் எழுதப் போகும் மனிதர்களின் வேலையிடத்தில் இருக்கிறது.

அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டில் பார்த்ததை எழுதினேன். கதையாக அல்ல, வெறும் குறிப்பாக. இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். குறிப்பெடுக்கும்போது என் உணர்ச்சிகளை எழுதுவதில்லை. "அற்புதமாக இருந்தது", "மனம் நெகிழ்ந்தது" என்று எழுதி வைத்தால் ஒரு மாதம் கழித்து அந்த வரி எதையும் திருப்பித் தராது. கரண்டிக் காம்பு என்ன மரம், யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள், சம்பளம் கொப்பரைக் கணக்கா நாள் கணக்கா, மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், முதலில் கை கழுவியது யார் என்பவை திருப்பித் தரும். உணர்ச்சி அந்த விவரங்களுக்குள் தானாகத் தங்கியிருக்கும். கைபேசியில் படம் எடுக்கலாமே என்று தோன்றும். கேட்டுவிட்டு எடுப்பதில் தவறில்லை. ஆனால் கைபேசியை உயர்த்திய மறுகணம் மனிதர்கள் இயல்பை விட்டுவிடுகிறார்கள், நாமும் கண்ணால் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். உட்கார்ந்து பார், மாலையே எழுதி வை என்ற முறைக்கே நான் மறுபடியும் மறுபடியும் வருகிறேன். இரவு தாண்டினால் பாதி போய்விடும்.

யாருடைய வேலையிடத்துக்குப் போனாலும் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது. "கதை எழுதுவேன், அதற்காகத் தெரிந்துகொள்ள வந்தேன்" என்று சொன்னபோது அந்தப் பெரியவர், "எழுதுங்கள் அம்மணி, ஆனால் எங்கள் பேரைப் போட்டுவிடாதீர்கள்" என்றார். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது எழுத்தாளரின் கடமை. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊரில் நாலு பேர் படித்தால் இன்னார் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு வாழ்க்கையையும் மாற்ற வேண்டும். அவர் எனக்குத் தந்தது தொழில் அறிவு. அவருடைய குடும்பக் கதையை நான் கேட்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்த இரு மனிதர்களின் பகை முழுக்க என் கற்பனை.

எழுதியது எப்போது என்றால், விடியலில். மார்கழியில் எங்கள் ஊர்க் கோயில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கெல்லாம் திருப்பாவையைத் தொடங்கிவிடும். வாசல் தெளித்துக் கோலம் போட எப்படியும் எழுந்தாக வேண்டும். கோலம் போட்டு முடித்ததும் காப்பிக்கு முன்னால் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன் கிடைக்கும் அந்தத் துண்டு நேரத்தைப் பெண்கள் பலரும் எழுத்துக்கு வைத்திருக்கிறார்கள். எழுதுகிற தோழிகள் பலர் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு மேல் எழுதுவேன் என்று திட்டமிடுகிறவர்களிடம் நான் மரியாதையோடு சொல்வது இதுதான்: பகல் முழுக்க நின்று வேலை செய்த உடம்பு இரவில் கதைக்கு மிச்சத்தைத்தான் கொடுக்கும். காலையில்தான் முதல் பங்கைக் கொடுக்கும்.

முதல் படி கையால் எழுதுகிறேன், இரண்டாவது படியைத் தட்டச்சு செய்கிறேன். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்று அறிவித்த தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளாதவர்கள் இந்தப் புத்தாண்டில் கற்றுக்கொள்ளலாம். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த முறை அது. சில வாரங்கள் விரல் தடுமாறும். அதன் பிறகு ஆங்கில எழுத்தில் யோசித்துத் தமிழில் எழுதும் சுற்றுவழி ஒழிந்துவிடும். வாக்கியம் மனதில் ஓடும் வேகத்துக்குக் கை ஓடுவது எவ்வளவு பெரிய ஊக்கம் என்பதைப் பழகியவர்கள்தான் அறிவார்கள். குரலால் தட்டச்சு செய்வதையும் முயன்றேன். உரையாடல்களுக்கு அது உதவியது, விவரணைக்கு உதவவில்லை. பேசும்போது வாக்கியங்கள் நீண்டுகொண்டே போகின்றன.

இனி புத்தகக் காட்சி. கையில் புத்தகம் இல்லாத அந்த ஜனவரியில் போக வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். கதை தொடங்கிவிட்டதால் மனம் மாறியது. ஈரோட்டிலிருந்து இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் சென்ட்ரல். இந்த முறை எழுத்தாளராகப் போகாமல் வாசகராகப் போவது என்று முடிவு செய்துகொண்டேன். வெளியீட்டு விழாக்களுக்குப் போகவில்லை, என் பதிப்பாளர் அரங்கில் நின்று யார் என்ன வாங்குகிறார்கள் என்று பார்க்கவில்லை. வேளாண்மை, ஊர் வரலாறு, கைத்தொழில், பழைய சட்டங்கள், நாட்டார் வழக்காறு என்று பொதுவாக நான் கடந்து போகும் அரங்குகளில் மட்டும் நின்றேன். பல்கலைக்கழக வெளியீடுகளும் அரசு நிறுவனங்களின் வெளியீடுகளும் இருக்கும் அரங்குகளில் கூட்டம் குறைவு, விலையும் குறைவு. கரும்புச் சாகுபடி பற்றிய ஒரு மெலிந்த கையேட்டை அங்கேதான் வாங்கினேன். என் கதைக்கு அது தந்தது அந்த ஆண்டின் எந்தப் புகழ்பெற்ற நாவலும் தரவில்லை. மனச் சோர்வோடு ஜனவரியில் சென்னைக்குப் போகிற எழுத்தாளர்கள் இதைச் செய்து பார்க்கலாம். தன் துறைக்கு வெளியே இருக்கும் அரங்கில் ஒப்பீடு வருவதில்லை, ஆர்வம் மட்டும் வருகிறது.

அன்று ஓர் அரங்கில் பழைய சிற்றிதழ்களைப் பற்றிப் பேச்சு வந்தது. சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியது 1959ஆம் ஆண்டு ஜனவரியில். திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு, சொந்தப் பணத்தைப் போட்டு, 1970 வரை நடத்தினார். சந்தாதாரர்கள் எப்போதும் மிகக் குறைவு. தமிழில் புதுக்கவிதை வேர்பிடித்ததில் அந்த இதழுக்கு இருக்கும் பங்கு எல்லோருக்கும் தெரியும். பிறகு அவர் தான் அச்சிட்ட புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். வாசகர்கள் தன்னைத் தேடி வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு ஜனவரியில் என் புத்தகம் இல்லை என்பதற்காக நான் பட்ட வருத்தத்தை அந்த மனிதரின் உழைப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெம்பு வந்தது. சிறிய எண்ணிக்கை வாசகர்களுக்காக எழுதுவது தமிழில் ஒரு பழைய, கௌரவமான மரபு.

அந்தச் சிறிய எண்ணிக்கையை எப்படித் தேடுவது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். பக்கத்தில் தேடுங்கள். பல ஊர்களில் கிளை நூலகங்களோடு வாசகர் வட்டம் இருக்கிறது. இல்லாத ஊரில் இரண்டு பேர் போதும். எனக்கு இருப்பவர் எங்கள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் அக்கா. அவர் கதை எழுதுகிறவர் இல்லை, ஆனால் நிறையப் படிக்கிறவர். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவர் வீட்டில் கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியாது. எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் கெடுவை நான் எளிதாகத் தள்ளிப்போடுவேன். அக்கா பலகாரம் சுட்டு வைத்துக் காத்திருப்பார் என்றால் தள்ளிப்போட மாட்டேன். வாய்விட்டு வாசிப்பதில் இன்னொரு பெரிய நன்மையும் இருக்கிறது. கதையில் எங்கே நான் அவசரப்படுத்தியிருக்கிறேன், எங்கே காட்டாமல் சொல்லிவிட்டேன் என்பது என் குரலுக்கே தெரிந்துவிடும். அக்கா வாயே திறக்க வேண்டியதில்லை. அன்று அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தீ போடுகிறவர் எப்போதாவது மேலே ஏறி வந்து கொப்பரையைப் பார்ப்பாரா?" கதைக்கு முடிவு அந்தக் கேள்வியில் இருந்தது. ஆண்டு முழுக்க எழுதாமல் இருந்தவளுக்கு இப்படி ஒரு கேள்வியைக் கேட்க ஆள் இருப்பது எத்தனை பாக்கியம்!

அனுப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முடித்த கதையை மேசைக்குள் வைத்துக்கொண்டால் அடுத்த கதை வருவதில்லை. இதைப் பல முறை கண்டிருக்கிறேன். ஆகவே ஜனவரியில் ஒரு சிறிய பதிவேடு தொடங்குகிறேன். எந்தக் கதை, எந்த இதழ், அனுப்பிய தேதி, பதில் என்று நாலு கட்டம். ஒரே நேரத்தில் ஒரு கதையை இரண்டு இதழ்களுக்கு அனுப்புவதில்லை, அது ஆசிரியர்களுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. மூன்று மாதம் கழித்து ஒரு நினைவூட்டல் எழுதுவேன். அதற்கும் பதில் இல்லையென்றால் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்துவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புவேன். மனம் நோக இதில் ஒன்றும் இல்லை. சிற்றிதழ்களைச் சொந்த வேலைக்கு நடுவே ஒருவரோ இருவரோ நடத்துகிறார்கள். வருகிற கதைகளைப் படிப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு.

பழைய அரைகுறைக் கதைகளை என்ன செய்வது? டிசம்பர் கடைசியில் அவற்றையெல்லாம் எடுத்து ஒரு மூச்சில் படிப்பேன். முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் படித்தால் எந்த வரியில் இன்னும் உயிர் இருக்கிறது என்று தெரியும். அந்த வரிகளை மட்டும் தனி நோட்டில் எழுதிக்கொண்டு மற்றதைக் கட்டி வைத்துவிடுவேன். மூச்சு முட்டி நின்ற என் கதைகளில் ஒன்றிலிருந்து ஒரு கிழவியின் பேச்சு அப்படியே ஆலைக்கதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் சக்கை உதறுகிறாள்.

கதை பங்குனியில் ஓர் இதழில் வந்தது. அதை வைத்துத் தொகுப்பு எப்போது என்று கேட்டவர்களுக்கு, அடுத்த ஜனவரி என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கிறது. பல மாவட்டங்களிலும் இப்போது புத்தகக் கண்காட்சிகள் நடக்கின்றன. தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டதால் நூறு பிரதிகளோடுகூட ஒரு புத்தகத்தை எந்த மாதத்திலும் வெளியிட முடியும். கதைகள் பத்தோ பன்னிரண்டோ சேரட்டும். அவை சேரும் மாதம் எதுவோ, அதுவே புத்தகத்துக்கும் மாதம்.

இந்த ஆண்டு தை பிறக்கும்போது எங்கே போய் உட்காருவது என்று கார்த்திகையிலேயே விசாரித்து வைத்துவிட்டேன். தை கடைசியில் மஞ்சள் வெட்டு ஆரம்பமாகும். வெட்டிய கிழங்கைக் கொப்பரையில் வேகவைத்து, களத்தில் பரப்பிக் காயவைத்து, உருளையில் போட்டு மெருகேற்றி, பிறகு ஈரோட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். வேகும் பதத்தைக் குச்சியால் குத்திப் பார்த்துச் சொல்லும் ஓர் அம்மா அத்தாணிப் பக்கம் இருக்கிறார். என் மாணவி ஒருத்தியின் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும் முன்பே வந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் பேச நேரம் இருக்காது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். முதல் பஸ் நாலரை மணிக்கு.